கோச்சுக்காகப் பிறந்த ஐஸ் ஹாக்கி அணி

நான் எழுதிய பதினோரு பக்க வரலாற்றைக் கையில் பிடித்தபடி, எங்கள் கல்லூரி முதலாளியின் மகன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவர் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதுவே கடைசியும்.

அறையில் ஊத் என்கிற வாசனைக் கட்டை புகைந்துகொண்டிருந்தது. ஏ.சி. எலும்பைக் குடைந்தது. கைப்பிடியில்லாத சின்னக் கோப்பையில், ஏலக்காய் மணக்கும் காவா என்கிற அரபுக் காப்பி எனக்கும் வந்தது. அவர் மேசையைச் சுற்றி வந்து என் தோளைத் தட்டி, “மப்ரூக் கோச், மப்ரூக்!” என்று வாழ்த்தினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டே நின்றேன். இந்த வாழ்த்து முடிவதற்குள் அந்த மனிதர் என் மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிடப் போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது.

போன வாரம் அஜ்மான் அறையின் மூட்டைப்பூச்சிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த திண்டுக்கல் வாசகர் ஒருவர், ‘மூட்டைப்பூச்சி இருக்கட்டும், நீங்கள் அங்கே என்ன வேலைதான் பார்த்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் வேலை ஒன்று, என் விசாவில் இருந்த வேலை இன்னொன்று. அதைச் சொல்ல இந்த வாரப் பத்தி முழுதும் வேண்டும்.

வீணாகக் கூடாத விசா

நான் கீழக்கரைக்காரன், பி.காம். படித்தவன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடத்தில், ஷார்ஜாவில் ஒரு தனியார் கல்லூரியின் ஃபோட்டோகாப்பி அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நிக்காஹ் முடிந்த நாற்பத்திரண்டாம் நாள் விமானம் ஏறினேன். வினாத்தாள், விண்ணப்பம், முதலாளி வீட்டுக் கல்யாண அழைப்பு, எதைக் கொடுத்தாலும் நகலெடுப்பேன். ஓய்ந்த நேரத்தில் ஆங்கிலத்தில் கடிதம் டைப் அடிப்பேன்.

கல்ஃபில் பிழைத்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசாவில் ஒரு தொழில் எழுதியிருக்கும். அதைத்தான் நீங்கள் செய்ய வேண்டும் என்பது சட்டம். கம்பெனியில் எந்த விசா காலியோ அதில் ஆளைப் போடுவது நடைமுறை. என் அறைத் தோழர் பொருளாதாரத்தில் எம்.ஏ. அவர் விசாவில் ‘பேரீச்சை மரம் ஏறுபவர்’ என்று இருந்தது. அவருக்கு இரண்டாம் மாடி ஏறவே மூச்சு வாங்கும்.

கல்லூரியின் பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு அரசு அலுவலகங்களுக்கு அலைவதற்கு ஹம்சா என்றொருவர் இருந்தார். அந்த வேலைக்கு பி.ஆர்.ஓ. என்று பெயர், அவர் ஊர் கேரளத்துத் திரூர். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

“சீனிபாய், நல்லொரு விசா சும்மா கிடக்குந்நு. வேஸ்ட் ஆக்கண்டா.”

“என்ன விசா?”

“ஐஸ் ஹாக்கி கோச்.”

“எனக்கு ஹாக்கியே தெரியாதே.”

“அதினெந்தா? ஐஸும் அறியில்லல்லோ. ஒண்ணு மாத்ரம் அறிஞ்சாலல்லே குழப்பம்!”

நடந்தது இதுதான். முதலாளி மகன் கனடாவில் படித்துத் திரும்பிய சூட்டில், கல்லூரிக்கு ஐஸ் ஹாக்கி அணி வேண்டும் என்று ஒரே ஒரு கோச் விசாவுக்கு அனுமதி வாங்கியிருந்தார். சூடு ஆறியதும் அணியை மறந்துவிட்டு வேட்டைப் பருந்து வாங்கப் போய்விட்டார். அனுமதி மட்டும் கோப்பில் கிடந்தது. கிடந்ததில் என்னைப் போட்டார்கள்.

நான் கையெழுத்துப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கல்ஃபில் நம்மவர்களுக்கு இரண்டே சாதி: ஃபேமிலி, பேச்சிலர். ஊரில் பெண்டாட்டியும் நாலு பிள்ளைகளும் இருப்பவன்கூட அங்கே பேச்சிலர்தான். நல்ல கட்டடத்தில் அவனுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். பூங்காவுக்குப் போனால், ‘இன்று ஃபேமிலி மட்டும்’ என்று காவலாளி கையைக் காட்டுவான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசாவில் மரியாதையான தொழில் இருக்க வேண்டும். கோச் என்றால் அழைக்கலாம். ஃபோட்டோகாப்பி இயந்திரம் இயக்குபவர் என்றால் முடியாது. நாள் முழுக்க இயந்திரத்தோடு நிற்பவனுக்கு மனைவி எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

முதல் சீசன்: சின்னப் பிள்ளைகளிடம் தோற்றது

என் மகள் சல்மா ஊரில் பிறந்தாள். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது, தாயையும் பிள்ளையையும் அழைக்க மனுப் போட்டேன். அங்கேதான் வினை. ‘கோச் இருக்கிறார், அணி எங்கே?’ என்று விசா அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். பத்து நாளில் ஒரு ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பாராம்.

ஹம்சாவுக்கு வேர்த்தது. எனக்கு அதைவிட. உலகத்தில் அணிக்குத்தான் கோச் தேடுவார்கள். இந்தக் கோச்சுக்கு அணி தேடினோம். ‘ஐஸ் ஹாக்கி அணிக்கு ஆண்கள் தேவை, அனுபவம் தேவையில்லை’ என்று நானே டைப் அடித்து, நானே இருநூறு நகல் எடுத்து, கழிவறைக் கதவு வரைக்கும் ஒட்டினேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர், வெளியே கொளுத்தும் வெயிலுக்கு ஐஸ் பக்கத்தில் நிற்கலாமே என்று வந்தவர்கள்.

ஸ்கேட் போட்டு நிற்கத் தெரிந்தவன் ஒருவன்தான். பெயர் சுதன். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், வளர்ந்தது டொராண்டோவில். தகப்பனுக்குத் துபாயில் வேலை கிடைத்ததால் எங்கள் கல்லூரியில் வந்து மாட்டிக்கொண்டவன். மரியாதையாக என்னிடம் வந்து கேட்டான்.

“அண்ணை, நீங்கள் எந்த லீக்கிலை விளையாடினனீங்கள்?”

“கீழக்கரையில தம்பி.”

“அங்கை ஐஸ் இருக்கோ?”

“மீன் பெட்டியில இருக்கு.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு விஷயம் முழுவதையும் சொன்னேன். எட்டு மாதக் குழந்தையின் படத்தையும் காட்டினேன். “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை. நீங்கள் விசிலை ஊதுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, மால் திறப்பதற்கு முன், அதற்குள் இருந்த பனித்தளத்தில் பயிற்சி. முதல் நாள் ஆபீஸ் ஷூவோடு பனித்தளத்தில் கால் வைத்தேன். அடுத்த கணம் கூரை விளக்குகள் தெரிந்தன. விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஒரே இடம் அதுதான். அதன் பிறகு நான்கு வருடமும் ஓரத்து ரப்பர் விரிப்பைத் தாண்டவில்லை.

ஆய்வாளர் வந்தார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கழுத்தில் விசிலோடு நின்ற என்னைப் பார்த்தார், கோப்பிலிருந்த என் படத்தைப் பார்த்தார், குளிரில் கையை உதறிக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

அந்த வருடம் எங்களோடு ஆட ஒப்புக்கொண்டது ஒரே அணி. வெள்ளைக்காரக் குடும்பங்களின் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பதினான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். எங்கள் கோலி, அதாவது கோல் காப்பவன், மலப்புரத்து ரஷீத். ‘ஒரே இடத்தில் நிற்கிற வேலை’ என்று விரும்பி வாங்கிய பதவி. நின்றான். பக் என்கிற அந்தக் கறுப்பு வில்லை அவன் இரு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. விழுந்து கிடந்த எங்கள் சூடானிய வீரனை, பல் விழுந்த ஒரு சிறுமி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

வருடக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜெயிக்காத அணிகளைக் கலைத்துவிடுவார்களாம். கால்பந்தும் கைப்பந்தும் அந்த வாரமே போயின. அணி போனால் கோச் போவான். கோச் போனால் ஃபேமிலி போகும். என் மனைவி மைமூனும் சல்மாவும் வருவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஆண்டறிக்கையில் இப்படி எழுதினேன்: ‘இளம் வீரர்களை ஊக்குவிக்கும் பொருட்டு நம் அணி ஒரு நட்பு ஆட்டம் நடத்தியது.’ இதில் பொய் எங்கே இருக்கிறது? கோல் கணக்கை மட்டும் சொல்லவில்லை.

இரண்டாவது சீசன்: நஜ்மாவுக்குப் போய் விழுந்தது

மைமூன் வந்தாள். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு அறையும் சமையலறையும். எனக்கு அது அரண்மனை. சல்மா என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். நான்கு நாள் கழித்து என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அதைவிடப் பெரிய கோப்பை எந்த அணியும் வாங்கியதில்லை என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

“மச்சான், கோச்சுன்னா கூடவே ஓடணுமாமே. உங்களுக்கு மூட்டு வலியாச்சே?” என்று மைமூன் கவலைப்பட்டாள். உண்மையைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, “யாருட்டயும் சொல்லிராதீங்க” என்றாள்.

அந்த வருடம் தோஹாவிலிருந்து அழைப்பு வந்தது. ராஸ் லஃபான் எரிவாயு ஆலையின் வெளிநாட்டு எஞ்சினியர்கள் பொழுதுபோக்குக்கு ஒரு அணி வைத்திருந்தார்கள். தங்குவதற்கு, தோஹாவின் நஜ்மா பகுதியில் கடை வைத்திருந்த என் சாச்சா மகன், அண்ணன் முறையான ஜைனுல் காக்காவின் ரூம். ஒன்பது பேரும் ஹாக்கி மட்டையோடு இறங்கியதைப் பார்த்து, அவர் பிரியாணிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “வெயில்ல வேல பாக்க ஆளு வருது, கடல்ல வேல பாக்க ஆளு வருது. வழுக்கி விழுறதுக்குன்னு ஃப்ளைட் புடிச்சு வந்தவன் நீதான்டா!”

விழுந்தோம். பத்தொன்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவர்களுடைய ஆளே தன் கோலிக்குத் திருப்பித் தள்ளியபோது உள்ளே போனது. நான் எழுதினேன்: ‘கத்தாரில் சர்வதேச ஆட்டம். நம் கணக்கில் ஒரு கோல்.’

சுதன் அதைப் படித்துவிட்டு, “அண்ணை, நாங்கள் அடிக்கேல்லை. அவை தங்களுக்குத் தாங்களே அடிச்சவை” என்றான்.

“நம்ம பக்கம்தானே எழுதுனாங்க?”

“அது சரிதான்” என்று தலையைச் சொறிந்தான்.

மூன்றாவது சீசன்: நோன்பும் மூடுபனியும்

அந்த வருடம் சீசன் நோன்பு மாதத்தோடு தொடங்கியது. அஸர் தொழுகைக்குப் பிறகு பயிற்சி. எங்கள் லாகூர் வீரன் வாயைத் திறந்தபடி குப்புற விழுந்ததில் பனித்தூள் உள்ளே போய்விட்டது. நோன்பு முறிந்ததா இல்லையா? கோச் என்ற முறையில் நான் பள்ளிவாசல் இமாமிடம் கேட்கப் போனேன். நம்ம பக்கத்து ஆள்தான்.

“ரமலான் சாயங்காலத்துல உமக்கு ஐஸ் எங்கேருந்து வந்துச்சு?” என்றார் முதலில். சொன்னேன். “வேணும்னு முழுங்குனாரா?” என்றார் அடுத்து.

“இல்ல ஹஜ்ரத். ஆனா விழுவோம்னு தெரிஞ்சுதான் அவன் எறங்குறான்.”

இமாம் வெகுநேரம் தாடியைத் தடவினார். தெரியாமல் உள்ளே போனால் நோன்புக்குக் குறையில்லை, இனி வாயை மூடிக்கொண்டு விழச் சொல்லுங்கள் என்றார். நான்கு வருடத்தில் எங்கள் அணிக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பயிற்சிக் குறிப்பு இதுதான்.

ஜெயித்ததும் அந்த சீசனில்தான். ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை. அபுதாபியிலிருந்து வர வேண்டிய அணியின் பேருந்து மூடுபனியில் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நடுவர் எங்களுக்கு வெற்றி என்றார். எங்கள் பிள்ளைகள் சந்தோஷத்தில் துள்ளினார்கள். துள்ளியவர்களில் ஐந்து பேர் விழுந்தார்கள்.

நான் எழுதினேன்: ‘அபுதாபி அணியால் நம்மை எதிர்த்து நிற்க முடியவில்லை.’

நான்காவது சீசன்: பதினோரு பக்கம்

நான்காம் வருடமும் தோற்றோம். ஆனால் ஆறு கோல், ஏழு கோல் என்று கௌரவமாகத் தோற்றோம். அது சுதனின் புண்ணியம். அவனுக்கு அது கடைசி வருடம். இந்தப் பக்கம் சல்மாவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. நீலக் கட்டம் போட்ட சீருடையைத் தைத்து வாங்கி, பள்ளி திறக்கும் நாளை அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

கல்லூரிக்குப் பத்தாம் ஆண்டு விழா வந்தது. முதலாளி மகனுக்குப் பருந்து அலுத்து, மறுபடி ஐஸ் ஹாக்கி ஞாபகம் வந்தது. விழா மலருக்கு அணியின் சீசன் வாரியான வரலாறு வேண்டும் என்றார். எழுத வேண்டியது கோச்.

சுதன் என் அறைக்கு வந்து, இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றான். “அண்ணை, தோத்ததைத் தோத்ததெண்டு ஒரு பக்கத்திலை எழுதி விடுங்கோ. ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். நீங்களும் நிம்மதியா இருக்கலாம்.”

“கலைச்சுட்டாங்கன்னா? புள்ளைக்கு இப்பத்தான் ஸ்கூல் கெடச்சிருக்கு.”

“கூடப் புளுகினாலும் ஆபத்து அண்ணை.”

இருபத்திரண்டு வயதுப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கீழக்கரையில் பள்ளிக்கூடப் பத்திரிகையில் எழுதிய கை அரித்தது. ‘பாலைவனத்தில் பிறந்த பனிப்புலிகள்’ என்று ஆரம்பித்தேன். பிள்ளைகளோடு ஆடியது ‘வட அமெரிக்கப் பாணி அணியோடு மோதல்’ ஆயிற்று. தோஹா ஆட்டம் ‘வளைகுடாவே பேசிய ஆட்டம்’ ஆயிற்று. மூடுபனிக்கு மட்டும் இரண்டு பக்கம். அதில் மூடுபனி வராது. மைமூனுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். “இவ்வளவு ஜெயிச்சீங்களா மச்சான்?” என்று அவளே ஒரு கணம் நம்பிவிட்டாள். நானும் நம்பிவிட்டேன்.

இன்று யோசித்தால், பயத்துக்கு ஒரு பக்கம் போதும். மீதிப் பத்துப் பக்கமும் என் திமிர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் கெட்டதோடு நிற்காமல், அதை முந்நூறு நகலும் எடுத்தேன்.

மப்ரூக்

இனி அந்த அறைக்குத் திரும்பலாம். ஊத் புகை, காவா, தோளில் அவர் கை.

“ஒரு ஃபோட்டோகாப்பி ஆள், நான்கே வருடத்தில் இவ்வளவு செய்திருக்கிறார்!” என்று ஆங்கிலத்தில் வியந்தார் முதலாளி மகன். “அப்படியானால் இந்த அணிக்கு ஒரு உண்மையான கோச் வந்தால்? என்னோடு படித்தவன் ஒருவன் கனடாவிலிருந்து வருகிறான். பேசிவிட்டேன்.”

அனுமதி ஒரே ஒரு கோச் விசாவுக்குத்தான். அதற்குள் நானும், மைமூனும், சல்மாவும் குடியிருந்தோம்.

கோப்பையைக் கீழே வைத்தேன். “சார், அது அவ்வளவு நல்ல அணி இல்லை” என்றேன்.

“பணிவு!” என்றார்.

“சார், சின்னப் பிள்ளைகளிடம் தோற்றோம். பதினான்கு கோல்.”

சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இந்த மனிதரைப் பாருங்கள், பெருமையே இல்லை” என்று காவா ஊற்றியவரிடம் சொன்னார். நான்கு வருடம் எழுதிய பொய்யை உடனே நம்பிய மனிதர், நான் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. “கவலைப்படாதே. உன் ஃபோட்டோகாப்பி அறை உனக்கேதான்” என்று இன்னொரு முறை தோளைத் தட்டினார். நல்ல மனிதர்தான், அதுதான் கொடுமை.

ஹம்சாவிடம் ஓடினேன்.

“பேடிக்கண்டா சீனிபாய், ஜோலி போவில்லா. ஃபோட்டோகாப்பி மெஷின் ஆபரேட்டர் விசா ஒண்ணு காலியாயிட்டு உண்டு. நாளைத்தன்னே மாத்தாம்.”

“ஃபேமிலி?”

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபேமிலி மாஃபி” என்றார். கிடையாது என்பதை ஏனோ அரபியில் சொன்னார். தன் பாஷையில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

பத்து நாளில் புது விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போனேன். மைமூன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். குர்ஆன் ஓதுகிறவள், அரபி எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. தொழில் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

“இதுக்கு என்ன மச்சான் அர்த்தம்?”

“ஃபோட்டோகாப்பி மெஷின் ஓட்டுறவன்.”

“அது நீங்கதானே? சரியாத்தானே போட்டிருக்காங்க.”

“ஆமா.”

“உண்மையை எழுதுனதுக்கா எங்கள அனுப்புறாங்க?”

பாஸ்போர்ட்டை மூடி என்னிடம் தந்துவிட்டு, சல்மாவின் புதுச் சீருடையைப் பெட்டியில் வைக்கவா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இதைப் போட விடுவார்களா என்று கேட்டாள்.